சனிக்கிழமை ஸ்பானிஷ்: பத்து மாதம் படித்தவளின் கணக்கு

"ஸ்பானிஷ் கிளாஸ் போனியே, எப்படி இருக்கு, சேரலாமா?" என்று இந்த ஒரு மாதத்தில் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் போட்டு அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் போட மாட்டேன். ஊர் பெயரைப் போட்டாலே எது என்று தெரிந்துவிடும், அதனால் அதுவும் கிடையாது. ராமேஸ்வரம் தீவில் இருக்கிற எங்கள் தங்கச்சிமடத்தில் காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால் பத்து மணி வகுப்புக்குப் பதறாமல் போகலாம், அவ்வளவு தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் படிப்பு, இரண்டு பருவம், சனிக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம். கட்டணம் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே, தேர்வுக் கட்டணம் தனி. சேரும்போது முப்பத்தெட்டுப் பேர் இருந்தோம், கடைசித் தேர்வு எழுதியது பன்னிரண்டு பேர். விட்டுப்போனவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் இல்லை. அதில் பாதிப் பேரை விரட்டியது வகுப்பு நடந்த விதம்தான் என்பது என் கட்சி.

முதலில் சிரித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானிஷில் "நீ" என்பதற்குத் "தூ". "ஆமாம்" என்பதற்குச் "சீ". இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு தமிழ் வீட்டில் சத்தமாகப் பயிற்சி எடுத்துப் பாருங்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து வகுப்புத் தோழியோடு போனில் "தூ? சீ, சீ. தூ?" என்று பேசிக்கொண்டிருந்தேன். கீழே இருந்து அப்பா, "ஏன்த்தா, யாரப் போட்டு இப்படிக் காறித் துப்புற?" என்றார். அம்மா அதற்குள் அது என்ன சண்டை, எந்தப் பையன் என்கிற இடத்துக்கே போய்விட்டாள்.

அது மீன்பிடித் தடைக்காலம். அப்பா விசைப்படகில் போகிறவர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் வீட்டில்தான். வாசலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே என் பாடம் முழுவதையும் காதில் வாங்கிக்கொண்டிருந்தார். என் இரண்டாம் பருவத் தேர்வும் அந்த நேரத்தில்தான் வந்தது. வகுப்பில் வராத ஒன்று எனக்கு வந்தது அந்த வாசலில். "பெரோ" என்றால் "ஆனால்", "பெர்ரோ" என்றால் நாய். நடுவில் வரும் ரகரத்தை நாக்கு நுனியில் உருட்ட வேண்டும். எங்கள் ஆசிரியர் போர்டில் வாய் படம் வரைந்து, நாக்கு எங்கே தொட வேண்டும் என்று அம்புக்குறி எல்லாம் போட்டுப் பார்த்தார், பாதி வகுப்புக்கு வரவில்லை. நான் வீட்டில் "பெர்... பெர்..." என்று திணறிக்கொண்டிருந்தபோது அப்பா வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆடு பத்துறப்ப ட்ர்ர்ர்னு சொல்லுவோம்ல, அத நடுவுல வைய்யி" என்றார். வைத்தேன், வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை போய் நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன், அதில் மூன்று பேருக்கு அங்கேயே வந்தது. நான்காவது ஆள் பக்கா டவுன்காரன், ஆடு ஓட்டியதே இல்லையாம்.

இந்தப் படிப்பின் மேல் எனக்கு இருக்கிற பெரிய குறை இங்கேதான் ஆரம்பிக்கிறது. முப்பத்தெட்டுப் பேரும் தமிழ்ப் பிள்ளைகள். பாடம் மட்டும் முழுக்க இங்கிலீஷ் வழியாக. ஸ்பானிஷ் இங்கிலீஷுக்கு எங்கெல்லாம் முரண்டு பிடிக்கிறதோ அங்கெல்லாம் பெரும்பாலும் தமிழோடு ஒட்டிப்போகிறது, அதை ஒருவர்கூட எங்களுக்குச் சொல்லவில்லை. "மே குஸ்தா" என்ற ஒன்றை நடத்த இரண்டு வாரம் எடுத்தார்கள். இங்கிலீஷில் "ஐ லைக்" என்று யோசித்ததால் எல்லோரும் "யோ குஸ்தோ" என்று எழுதித் திட்டு வாங்கினோம். "மீன் எனக்கு மகிழ்ச்சி தருகிறது என்று தலைகீழாக யோசியுங்கள்" என்று ஒரு விளக்கம் வேறு. எதற்குத் தலைகீழாக யோசிக்க வேண்டும்? "மே குஸ்தா எல் பெஸ்காதோ" என்றால் எனக்கு மீன் பிடிக்கும். "மே" என்றால் எனக்கு, "குஸ்தா" என்றால் பிடிக்கும், முடிந்தது. "மே துவேலே லா காபேசா" என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. அந்த "எனக்கு" அங்கேயும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மீன் பலவாக இருந்தால் "குஸ்தான்" என்று மாறும் என்ற ஒன்றைத்தான் புதிதாகப் பழக வேண்டும்.

வினைச்சொல்லும் அப்படித்தான். "ஆப்ளோ" என்றாலே பேசுகிறேன், "ஆப்ளாஸ்" என்றாலே பேசுகிறாய். நான், நீ என்று தனியாகச் சொல்ல அவசியமில்லை, வால் சொல்லிவிடும். மரியாதைக்கு "உஸ்தேத்" என்று தனிச்சொல், நம் "நீங்கள்" மாதிரி. "சேர்", "எஸ்தார்" என்று "இரு" என்பதற்கு இரண்டு வினை இருப்பதைப் பார்த்துத்தான் வகுப்பில் பலருக்குக் கிறுகிறுத்தது. நான் என் நோட்டில் இப்படி எழுதி வைத்தேன்: "அப்பா மீனவர்" என்னும்போது தமிழில் "இருக்கிறார்" வராது, அங்கே "சேர்". "அப்பா கடலில் இருக்கிறார்" என்னும்போது வரும், அங்கே "எஸ்தார்". எல்லா இடத்திலும் பொருந்தாது, "அழகாக இருக்கிறாள்" மாதிரி வாக்கியங்களில் காலை வாரிவிடும். ஆனாலும் தேர்வில் பத்துக்கு ஏழெட்டு சரியாக வந்தது இந்தக் குறுக்குவழியால்தான்.

உச்சரிப்பிலும் நமக்குத்தான் லாபம். அவர்களுடைய த நம் பல்லில் தொடும் த, இங்கிலீஷ் ட இல்லை. அவர்களுடைய d எழுத்து இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் "காது" என்பதில் வருகிற த மாதிரி மெலிந்தும் விடும். ஞ தனி எழுத்தாகவே இருக்கிறது, என்-னுக்கு மேலே ஒரு சுழி போட்டு எழுதுவார்கள். அந்தச் சுழியை விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு பையன் வகுப்பு வாட்ஸப் குழுவில் காட்டினான். எனக்கு 21 வயது என்று எழுத நினைத்தான், போன் கீபோர்டில் ஞ கிடைக்கவில்லை, "ஆஞோஸ்" என்பது "ஆனோஸ்" ஆகிவிட்டது. எனக்கு 21 ஆசனவாய்கள் என்று அர்த்தம். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் மறுநாள் ஞ தட்டுவது எப்படி என்று வீடியோ அனுப்பினார். அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும், அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

உண்மையிலேயே கஷ்டமானது ஆண்பால், பெண்பால். நமக்கு மேசையும் புத்தகமும் ஒன்றுபோல அஃறிணை, பிரச்சினையே இல்லை. அங்கே மேசை பெண், புத்தகம் ஆண். கை பெண், "மானோ" என்று ஓ-வில் முடிந்தாலும் பெண்தான். பிரச்சினை ஆண், "ப்ரோப்ளேமா" என்று ஆ-வில் முடிந்தாலும். இதற்குக் குறுக்குவழி எதுவும் கிடையாது, சொல்லோடு சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். (மேசை என்ற நம் சொல்லே போர்த்துக்கீசியர் விட்டுப்போன "மெசா"தான், ஸ்பானிஷிலும் "மெசா". சும்மா கிடைத்த ஒரே சொல் இல்லை, "அர்மாரியோ" என்றால் அலமாரி.)

கடலுக்கு மட்டும் என்னிடம் ஒரு தீராத வழக்கு இருக்கிறது. பாடப்புத்தகத்தில் "எல் மார்", ஆண்பால். நான் எங்கேயோ ஒரு மீனவர் பேட்டி வீடியோவில் "லா மார்" என்று பெண்பாலில் கேட்டிருந்தேன், அது பிடித்துப்போய்த் தேர்வில் அப்படியே எழுதினேன். அரை மதிப்பெண் போய்விட்டது. அப்புறம் இரண்டாம் பருவத்துக்கு வந்த ஆசிரியையிடம் கேட்டால், இரண்டும் சரிதான், பொதுவாகப் பேசும்போது ஆண்பால், கடலில் தொழில் செய்கிறவர்கள் பெண்பாலில் சொல்வார்கள், கவிதையிலும் அப்படி வரும் என்றார். பாம்பன் பாலத்தில் நின்று வடக்கே பார்த்தால் பெண் கடல், தெற்கே திரும்பினால் ஆண் கடல் என்று பிறந்ததிலிருந்து சொல்லி வளர்ந்தவள் நான். எனக்கா அரை மார்க்கு? விடைத்தாள் மறுபார்வைக்குக் கட்டணம் அந்த அரை மார்க்கைவிட அதிகம் என்பதால் விட்டுவிட்டேன்.

மீன் விஷயத்தில் மட்டும் ஸ்பானிஷ்காரர்களை ஒத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் நீந்தினால் "பெஸ்", பிடித்துத் தட்டுக்கு வந்தால் "பெஸ்காதோ", அதாவது பிடிபட்டது. நடைமுறை உபயோகம் என்று கேட்டால் இந்தப் பாடம்தான். இங்கே கரைக்கு வரும் கணவாயில் ஒரு பங்கு ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குப் போகிறது, இந்தியக் கணவாய் வாங்கும் நாடுகளில் ஸ்பெயின் முக்கியமானது. என்னோடு படித்த ஒரு அண்ணன் அப்படி ஒரு கம்பெனியில் பேப்பர் வேலை பார்க்கிறார். ஊசிக்கணவாய் "கலமார்", ஓட்டுக்கணவாய் "செபியா", பேய்க்கணவாய் "புல்போ" என்று அவர்தான் பட்டியல் போட்டுக்கொடுத்தார். பாடப்புத்தகத்தில் இருந்ததெல்லாம் ஏர்போர்ட், ஹோட்டல் ரிசப்ஷன், "உங்களுக்குப் பனிச்சறுக்கு பிடிக்குமா?" பனிச்சறுக்கைப் பற்றி எனக்கு இப்போது ஸ்பானிஷில் ஒரு பத்தி எழுதத் தெரியும்.

பாடத்தில் ஒரே ஒரு நாள் உடம்பு சிலிர்த்தது. நாடும் தலைநகரும் என்ற பாடம், சிலியின் தலைநகர் "சந்தியாகோ". ஆசிரியை போகிற போக்கில், அது யாக்கோபு என்ற புனிதரின் பெயர், ஸ்பெயினின் பாதுகாவலரே அவர்தான் என்றார். நான் பேனாவை வைத்துவிட்டேன். எங்கள் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர்! ஜூலைத் திருவிழாவுக்கு வேண்டுதலோடு எல்லா மதத்துக்காரர்களும் வந்து நிற்கிற கோயில், எங்கள் தெருவில் மூன்று சந்தியாகு இருக்கிறார்கள். அந்தப் பெயரை நான் அதுவரை சுத்தத் தமிழ் என்றே நினைத்திருந்தேன். இப்படி ஒரு ஊரில் ஸ்பானிஷ் நடத்தும்போது இதையெல்லாம் எடுத்துச் சொல்ல எவ்வளவு இருக்கிறது. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் ஸ்பெயினின் நவாராக்காரர், ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்துதான் மக்களிடம் சொன்னார். அவருக்கே வீட்டு மொழி ஸ்பானிஷ் இல்லை, பாஸ்க். அவர் பட்ட பாட்டை நாம் திருப்பிப் படுகிறோம், அவ்வளவுதான். அவருக்காவது அட்டெண்டன்ஸ் தொல்லை இல்லை.

மற்றக் குறைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். முதல் பருவ ஆசிரியர் நன்றியை "கிராத்தியாஸ்" என்று ஸ்பெயின் பாணியில் சொன்னார், இரண்டாம் பருவ ஆசிரியை லத்தீன் அமெரிக்கப் பாணியில் "கிராசியாஸ்". இரண்டும் சரி, ஆனால் அதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம், பாவம் ஒரு பெண் ஒரு மாதம் தன் காதில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்டல் பயிற்சி என்றால் ஆசிரியர் தன் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போடுவார், மேலே மின்விசிறி கடகடக்கும், மூன்றாவது பெஞ்சுக்கு மேல் எதுவும் கேட்காது. பேச்சுத் தேர்வு மூன்றே நிமிடம்: பெயர், வயது, ஊர், என்ன பிடிக்கும். மிச்சமெல்லாம் எழுத்து.

வேலைக்காகப் படிப்பவர்களுக்கு இதுதான் முக்கியம். பல்கலைக்கழகச் சான்றிதழ் வேறு, "டெலே" வேறு. டெலே (DELE) என்பது ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தேஸ் நடத்தும் தேர்வு, டெல்லியில் அவர்களுக்கு மையம் இருக்கிறது, அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, வெளியில் மதிப்பு அதற்குத்தான். அதில் ஏ1 என்ற தொடக்க நிலைக்கு இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் 50 மதிப்பெண். வாசிப்பும் எழுத்தும் ஒரு பகுதி, கேட்பதும் பேசுவதும் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 30 வாங்கியே ஆக வேண்டும், ஒன்றில் 50-க்கு 50 வாங்கினாலும் மற்றதில் விழுந்தால் விழுந்ததுதான். எங்கள் வகுப்பு முதல் பகுதிக்குத் தாராளமாகப் போதும். இரண்டாவது பகுதிக்கு அந்த மின்விசிறியை நம்பிப் போகாதீர்கள். தினமும் அரைமணி நேரம் காதில் போட்டுக் கேட்டு, கூடப் பேச ஒரு ஆள் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, சேரலாமா? போக்குவரத்து சேர்த்தால் எனக்குக் கட்டணத்தைவிட பஸ் காசு அதிகம் ஆனது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புது ரயில் பாலம் திறந்து ரயில் மறுபடி தீவுக்குள் வர ஆரம்பித்தது பெரிய நிம்மதி, ஆனால் என் வகுப்பு நேரத்துக்கு அது ஒத்துவரவில்லை. அந்த ஊரிலேயே ஹாஸ்டலில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம், ஐயாயிரத்துக்கு இந்த அளவு இலக்கணம் வெளியில் கிடைக்காது. நம் பக்கத்திலிருந்து போய் வருகிறவர்கள் முதல் பருவம் மட்டும் கட்டிப் பாருங்கள், முழுப் பணத்தையும் சேர்த்து வாங்கப் பார்ப்பார்கள், கொடுக்காதீர்கள். ஆசிரியர் யார் என்று முன்பே விசாரியுங்கள். இரண்டாம் பருவத்து ஆசிரியை தொடர்ந்து வருவார் என்றால் நானே ஏ2-வுக்குப் பணம் கட்டுவேன். அலுவலகத்தில் கேட்டேன், "ஜூலையில் தெரியும்" என்றார்கள்.

அப்பா மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். முந்தாநாள் கரைக்கு வந்து இறங்கும்போது, என்ன பாடு, மீன் பட்டதா என்று கேட்டேன். "சீ" என்றார். ஸ்பானிஷா தமிழா என்று கூடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.