மன்னார்குடி உள்ளூர் கேபிள் செய்தி: ஏழு மணிக்கு மட்டும் பாருங்கள்

எங்கள் உரக்கடையில் டிவி மாட்டியிருப்பதே இரவு ஏழு மணிச் செய்திக்காகத்தான். பெரிய சேனல் செய்தி இல்லை, ஊர் கேபிள்காரர் நடத்தும் உள்ளூர் சேனலின் செய்தி. மற்ற நேரத்தில் அந்தச் சேனலில் பழைய பாட்டும் ஜவுளிக்கடை விளம்பரமும்தான். கீழே ஓடும் பட்டையில் மஞ்சள் நீராட்டு வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் மாறி மாறி வரும். அதற்கெல்லாம் மதிப்பெண் போட ஒன்றுமில்லை.

செய்தி வாசிப்பவர் ஒருவரே. பகலில் தனியார் பள்ளியில் தமிழ் எடுக்கிறார், அதனால் ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. கோயில் விழாவில் மைக் பிடித்து வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தவரைக் கேபிள்காரர்தான் செய்திக்கு இழுத்து வந்தார். என் வயதுக்காரர்களுக்குச் செய்தி வாசிப்பு என்றால் தூர்தர்ஷன் ஷோபனா ரவி. அந்த நிதானம் டீச்சரிடமும் கொஞ்சம் உண்டு, ழகரமும் சுத்தம். பின்னால் ராஜகோபாலசாமி கோயில் கோபுரம் அச்சடித்த பிளக்ஸ் தொங்குகிறது. கலசத்துக்குக் கீழே அதில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது, அதை யாரும் இழுத்துக் கட்டுவதாக இல்லை.

நான் பார்ப்பது தண்ணீர்க் கணக்குக்காக. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்கள், பூத் தூவினார்கள் என்பதோடு பெரிய சேனல்களுக்குக் கதை முடிந்துவிடும். 120 அடியில் எத்தனை அடி நிற்கிறது என்று சொல்வார்கள், சரி. ஆனால் அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிய வேண்டும். வெண்ணாறு நீடாமங்கலத்துப் பக்கம் மூணாறு தலைப்பு என்கிற மதகில் மறுபடி பிரிந்து, பாமணியாற்றில் விட்டால்தான் எங்கள் பக்கம் ஈரம். பாமணிக்கு எவ்வளவு விட்டிருக்கிறார்கள், முறை வைத்து விடுகிறார்களா என்பதை டீச்சர்தான் சொல்வார். கனஅடி எண்ணை ஒருமுறை வாசித்து, மூச்சு நிறுத்தி, மறுபடியும் வாசிப்பார். குறித்துக்கொள்கிறவர்களுக்காக அது. அந்த நேரம் கடை பெஞ்சில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். நாற்று விடுவதா, நேரடி விதைப்பா என்று அப்புறம்தான் விதை நெல் கேட்பார்கள். என் வியாபாரம் அவர் வாயைப் பார்த்துத்தான் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து கரண்டும் போனது, கேபிளும் போனது. டீச்சர் செல்போனில் பேசிப் பதிவுசெய்து, சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று அனுப்பினார். எந்தப் பள்ளியில் முகாம், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி, எங்கே ஜெனரேட்டரில் சார்ஜ் போடலாம், அவ்வளவுதான் செய்தி. அடைமொழி, ஆறுதல் வசனம் எதுவும் கிடையாது. அதிலிருந்து அவரை வெறும் செய்தி வாசிப்பவராக யாரும் நினைப்பதில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றால்கூட முதியோர் பென்ஷன் நின்றுபோன பாட்டிகள் மனுவைக் கையில் திணித்துவிடுவார்கள். விடைத்தாள் கட்டோடு சேர்த்து அதையும் பையில் வைத்துக்கொண்டு போவார். பங்குனித் திருவிழாவில், பெருமாள் மேல் வெண்ணெய் வீசும் வெண்ணெய்த்தாழியன்று நேரலை. பல்லக்கு எந்தத் தெரு முனையில் திரும்புகிறது, எங்கே கூட்டம் நெரிகிறது என்று விடாமல் சொல்வார். வெண்ணெய் விற்கிற பிள்ளைகளிடமும் மைக்கை நீட்டுவார்.

குறையும் இருக்கிறது, சின்னக் குறை இல்லை. போன சம்பா அறுவடையில் ஒரு கொள்முதல் நிலையத்தில் நெல் நாள்கணக்கில் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று எடுக்கவில்லை. அதைக் காட்டினார்கள். ஆனால் மூட்டைக்கு இவ்வளவு கொடுத்தால்தான் எடை போடுவார்கள் என்று விவசாயிகள் கேமரா முன்னால் சொன்ன பேச்சு ஒளிபரப்பில் இல்லை. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். டீச்சர் கடைக்கு யூரியா வாங்க வந்தபோது (அவர்களுக்கும் ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர் நிலம் உண்டு) கேட்டேவிட்டேன். “நாளைக்கும் அங்கதானே அண்ணே மைக்கோட போய் நிக்கணும். எங்க நெல்லும் அங்கதான் போகுது” என்றார். நியாயம்தான் என்று தலையாட்டினேன், ஆனாலும் மனசு ஆறவில்லை. ஊருக்குள்ளேயே இருப்பதால்தான் அவருக்கு எல்லாம் தெரிகிறது, அதனாலேயே சிலதைச் சொல்ல முடியவில்லை. கேபிள்காரர் விளம்பரதாரர் வீட்டுக் காதுகுத்தைச் செய்தி நடுவில் செருகுவதற்கு அந்தச் சாக்கும் கிடையாது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். அரை மதிப்பெண் அந்தக் காதுகுத்துக்காகக் குறைத்தது.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. காலையில் மறுஒளிபரப்பு உண்டு. அதில் வருவது முந்தின நாள் தண்ணீர்க் கணக்கு, தேதியும் போடமாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு மண்வெட்டியோடு மடைக்குக் கிளம்பிவிடாதீர்கள்.