கருங்கல் பக்கம் ஒரு கிழங்குக் கடை: மீன்கறிக்கு நாலு நட்சத்திரம், குவைத் கணக்குக்கு அஞ்சு

கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கலில் இருந்து தேங்காப்பட்டணம் போகிற ரோட்டோரம் இருக்கிறது இந்தக் கடை. போர்டு கிடையாது. குவைத்காரர் கடை என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள்.

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, வெந்து மலர்ந்து இருக்கும், ஆனால் கூழாகாது. தேங்காய் அரைத்து மாங்காய் போட்ட சாளைக் கறி, மண்சட்டியில், விறகடுப்பில். நெத்திலி கிடைக்கிற நாளில் அவியலும் உண்டு, அது பதினொரு மணிக்குள் தீர்ந்துவிடும். பொரித்த மீன் மட்டும் சுமார்தான், எண்ணெயை அடிக்கடி மாற்றினால் நன்றாக இருக்கும். கட்டன்சாயாவில் சீனி அதிகம். கை கழுவுகிற இடத்தில் சோப்பு இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு.

இதற்காக மட்டும் நான் இவ்வளவு எழுத மாட்டேன். அங்கே நடக்கிற பேச்சுக்காகத்தான் எழுதுகிறேன். மேற்கு ஆசியாவில் எங்கேயாவது குண்டு விழுந்த செய்தி வந்தால், மற்ற கடைகளில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள், எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்று நாலு பேர் கத்துவார்கள். இங்கே கடைக்கார அண்ணன் ரிமோட்டை எடுத்து சத்தத்தை அடைத்துவிட்டு, "செரி மக்ளே, இதுக்கு பில்லு யாரு பேருல?" என்று கேட்பார். அங்கிருந்து தொடங்கும்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அவர் அங்கே ஒரு ரொட்டிக் கடையில் வேலை. சேர்த்து வைத்தது எல்லாம் குவைத் தினார். ஈராக் அந்தத் தினாரையே செல்லாது என்று ஆக்கிவிட்டது. பஸ்ஸில் பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான், அம்மானில் கூடாரம், பிறகு ஏர் இந்தியா. அந்த வருஷம் அப்படிக் கொண்டுவரப்பட்டவர்கள் 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல், நம் மாவட்டத்தில் பழைய வளைகுடாக்காரர்களைக் கேட்டால் அம்மான் கூடாரத்து வெயிலைப் பற்றி ஒருத்தராவது சொல்லுவார்.

கையில் ஒன்றுமில்லாமல் வந்தவருக்குப் பிறகு ஒரு பணம் வந்தது. 1991-இல் ஐ.நா. ஒரு நஷ்டஈட்டு ஆணையம் வைத்தது. குவைத்தை விட்டு ஓட வேண்டி வந்தவர்களுக்கு ஆளுக்கு 2,500 டாலர். வேறு வகையில் நஷ்டம் கேட்க மாட்டேன் என்று ஒத்துக்கொண்டால் 4,000. அண்ணன் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். இப்போது நாம் உட்கார்ந்து கிழங்கு தின்கிற இடத்தின் கான்கிரீட் கூரை அந்தக் காசு.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குத் தொண்டையில் நின்றது. ஈராக் விற்ற எண்ணெயில் முதலில் 30 சதவீதம் வரை பிடித்துத்தான் கொடுத்தார்கள். பொருளாதாரத் தடையில் அந்த ஊர் ஆஸ்பத்திரிகள் மருந்துக்குத் தவித்த காலம் அது. போரைத் தொடங்கியது சதாம் உசேன், கட்டியது அந்த ஊர்ச் சனம். சதாமைத் தூக்கில் போட்டது 2006-இல். கடைசித் தவணை கட்டி முடிந்தது 2022 ஜனவரியில், மொத்தம் 5,240 கோடி டாலர். அண்ணனுக்கு இதெல்லாம் தெரியும். "வாங்காமலும் இருக்க முடியாது பாத்தியா, எனக்க காசும் போச்சுல்லா" என்றார். நியாயம்தான். எனக்குப் பதில் வரவில்லை.

எதிர்க்கட்சியும் கடையில் உண்டு. பட்டாளத்தில் இருந்து வந்த மாமா ஒருத்தர் தினமும் வருவார். போரே கூடாது என்று யாராவது எளிதாகச் சொல்லிவிட்டால் விட மாட்டார். கார்கிலில் 527 பேர் செத்தார்கள், ஆனால் அந்தச் சண்டையை நாமா தேர்ந்தெடுத்தோம், மலை மேல் வந்து உட்கார்ந்தவனைப் பார்த்துக் கணக்கு எழுதிக்கொண்டிருக்க முடியுமா என்பார். அண்ணனையும் மடக்குவார்: 1991-இல் குவைத்தை மீட்காமல் விட்டிருந்தால் நீ திரும்பப் போய் பத்து வருஷம் ஏ.சி. மெக்கானிக் வேலை பார்த்திருப்பாயா? அண்ணன் சிரித்துக்கொண்டு இன்னொரு கரண்டி கறி ஊற்றுவார்.

நான் போன ஒரு நாள் மார்த்தாண்டம் பக்கம் கல்லூரியில் பொருளியல் நடத்துகிற டீச்சரும் இருந்தார். மாமாவிடம் அவர் சொன்னது எனக்குப் பிடித்தது: வந்து விழுகிற சண்டை வேறு, கணக்கைக் குறைத்துக் காட்டி விற்கிற சண்டை வேறு. 2002-இல் அமெரிக்க அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, ஈராக் போருக்கு 10,000 முதல் 20,000 கோடி டாலர் ஆகலாம் என்று சொன்னார். வெள்ளை மாளிகைக்கு அது ருசிக்கவில்லை, அந்த டிசம்பரில் அவர் பதவியில் இல்லை. பட்ஜெட் அதிகாரி மிட்ச் டேனியல்ஸ் 5,000, 6,000 கோடிதான் என்றார். 2008-இல் பொருளாதார நிபுணர்கள் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் லிண்டா பில்மஸும் அதே போருக்குப் போட்ட கணக்கு 3 லட்சம் கோடி டாலர். 2001-க்குப் பின் நடந்த போர்கள் எல்லாவற்றுக்குமாக 2021-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகக் குழு சொன்னது 8 லட்சம் கோடி, நேரடியாகச் செத்தவர்கள் மட்டும் சுமார் 9 லட்சம் பேர். அந்த 8-இல் 2 லட்சம் கோடிக்கு மேல் இனி வரும் வருஷங்களில் முன்னாள் சிப்பாய்களின் வைத்தியத்துக்கும் உதவிக்கும் ஆகும் செலவு.

அந்த வைத்தியக் கணக்கைக் கேட்டதும் மாமா சாயா கிளாஸைக் கீழே வைத்தார். அவருடைய முட்டி பனியில் போனது. அதற்குப் பிறகு டீச்சரிடம் அவர் வாதாடவே இல்லை, அந்த 2 லட்சம் கோடியில் என்னவெல்லாம் சேரும் என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நடுவில் ஒரு பையன் குளச்சல் பெருமையை இழுத்தான், 1741-இல் டச்சுக்காரனையே ஓடவிட்ட ஊர் நம்மது என்று. பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கே படை நடத்திய டச்சுத் தளபதி டிலனாய்க்கு உதயகிரிக் கோட்டையில் கல்லறை இருக்கு, ஜெயிச்ச பக்கம் செத்த சிப்பாய்க்கு எங்கல இருக்கு என்று பின் பெஞ்சிலிருந்து யாரோ கேட்டார்கள். பையன் மீனைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தான்.

இதையெல்லாம் பெரிய ஞானிகள் சபை என்று நினைத்துவிடாதீர்கள். சாதிப் பேச்சும் கட்சிப் பேச்சும் நுழைகிற நாளில் சந்தைதான். ஈரான் பக்கம் படகில் மீன்பிடிக்கப் போன தம்பி இருக்கிறவர்கள் வந்திருந்தால் மட்டும் பேச்சு தானாகத் தணிந்துவிடும்; அவர்கள் முன்னால் ஏவுகணை ரேஞ்சு பேச யாருக்கும் வாய் வராது. என் கணக்கில் டிவி விவாதங்களில் இல்லாதது இதுதான், செலவு வந்து விழுகிற வீட்டுக்காரன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

விலை மலிவு. ஆனால் வளைகுடா எண்ணெய், கேஸ் கப்பல்கள் வருகிற ஹார்முஸ் நீரிணைப் பக்கம் பதற்றம் என்றால், கடைகளுக்கான நீல சிலிண்டர் விலையைக் காட்டி ஐந்து, பத்து ஏற்றிவிடுவார், இறக்குவது அபூர்வம். கறி விறகில்தானே வேகுது அண்ணே என்று கேட்டுப் பார்த்தேன். சாயாவுக்கு கேஸ் வேண்டாமா என்றார்.

ஞாயிறு பூசை முடிகிற நேரம் போகாதீர்கள், இடமே இருக்காது. பைக் நிறுத்தலாம், காருக்கு வழியில்லை. ஜிபே உண்டு. இரண்டு மணிக்கு மேல் போனால் கிழங்கு இருக்காது, பேச்சு மட்டும்தான் இருக்கும்.