அளவெடுக்காமலே என் வயிற்றில் தையல் போட்டார்கள்

நெஞ்செரிச்சலுக்கு ஆபரேஷன் என்று யாராவது தேதி குறித்துக் கொடுத்திருந்தால், அட்வான்ஸ் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஈரோட்டில் டைலர் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மெஷின் மேல் குனிந்தே உட்காருவதாலோ என்னவோ, ஆறு வருடமாகப் புளியேப்பம். ராத்திரி படுத்தால் தொண்டை வரை எதுக்களிக்கும். தினம் ஒரு பான்டப்பிரசோல், அதாவது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, அதுவும் சாப்பிட்ட பிறகு. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் "மாத்திரைக்குக் கேக்கலை" என்பதே ஆபரேஷனுக்குக் காரணமாகிவிட்டது.

போன வருடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இலவச முகாமில் எண்டோஸ்கோபி செய்தார்கள். "சின்னதா ஹெர்னியா இருக்கு, வால்வு லூசாயிருச்சு. விட்டா கேன்சர்ல கொண்டுபோய் விட்டுரும்" என்றார் டாக்டர். ஹெர்னியா என்றால் இரைப்பையின் மேல்முனை நெஞ்சுப் பக்கம் ஏறியிருப்பது; வால்வு என்றது உணவுக்குழாயின் அடிவாய். ரிப்போர்ட்டில் இருந்ததோ உணவுக்குழாயில் லேசான புண், கிரேடு ஏ. அதை மட்டும் வைத்து அமில எதுக்களிப்பு என்று முடிவு கட்ட முடியாது என்பது அப்போது எனக்கு எங்கே தெரியும்? அடுத்த அறையில் பேக்கேஜ் பேசுகிற பெண், "இன்சூரன்ஸ்ல முழுசா வந்துரும் அங்கிள், இந்த வாரமே முடிச்சிரலாம்" என்றாள். "ஏனுங்க, இன்னொரு பக்கம் காட்டிட்டு வரலாமுங்க" என்று என் வீட்டுக்காரி இழுத்தாள். நான்தான் காதில் வாங்கவில்லை. (முழுசாகவும் வரவில்லை. கையுறை, பஞ்சு, அது இது என்று 41,000 ரூபாய் கையிலிருந்து போனது.)

செய்தது ஃபண்டோப்ளிகேஷன். இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் சுற்றி மடித்துத் தைப்பார்கள். 1950களில் ருடால்ஃப் நிசென் கொண்டுவந்த முறை. அவருடையது 360 டிகிரி முழுச்சுற்று. பின்பக்கமாக 270 டிகிரி மட்டும் சுற்றுவது டூபே என்ற முறை. இப்படி வகைகள் இருப்பதையே யாரும் என்னிடம் பேசவில்லை.

முதல் சில வாரம் விழுங்கச் சிரமமாக இருக்கும் என்றார்கள். அது உண்மைதான், பலருக்கும் உள்ளது. எனக்கு ஏழு மாதமாகியும் இட்லியை ரசத்தில் ஊறவைத்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. ஏப்பம் வராது. வயிறு தவில் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். வாந்தி எடுக்கவும் முடியாது, வெறுமனே குமட்டும். மச்சினன் மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, ஒரு வாய் சோறு நெஞ்சில் அடைத்து, பாதியில் எழுந்து போனேன். போன் செய்தால் "மெதுவா மென்னு சாப்பிடுங்க" என்பதோடு சரி.

கோயம்புத்தூரில் வேறொரு டாக்டரைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டதே, "ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த மேனோமெட்ரி எங்கே? பிஹெச் ஸ்டடி எங்கே?" மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, உணவுக்குழாய் எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்று பார்ப்பது மேனோமெட்ரி. 24 மணி நேரம் குழாயோடு விட்டு, அமிலம் நிஜமாகவே மேலே ஏறுகிறதா என்று அளப்பது பிஹெச். சிலருக்கு அமிலமே ஏறாமல் எரியுமாம். அவர்களுக்கு ஆபரேஷனால் பிரயோஜனம் இல்லை. எனக்கு இரண்டுமே எடுக்கவில்லை. அவர் மேனோமெட்ரி எடுத்தார். குழாயின் சுருக்கம் பலவீனம். "முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சா, இந்த இறுக்கத்தால ஆச்சா, இனிமே சொல்ல முடியாதுங்க" என்றார். ஜாக்கெட் பிட்டைக்கூட டேப் வைக்காமல் நான் வெட்டியதில்லை.

அந்த டாக்டரும் ஆபரேஷனைக் குறை சொல்லவில்லை. சரியான ஆளுக்குச் செய்தால் நல்ல பலன் என்கிறார். எனக்கு பலூன் வைத்து ஒருமுறை விரித்திருக்கிறார். இப்போது தோசை இறங்குகிறது. பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டுமா என்று முடிவு செய்யப் பழைய ஆபரேஷன் குறிப்பு வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் முழுச்சுற்றா பாதியா என்பதுகூட இல்லை.

அந்தக் குறிப்பைக் கேட்டு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துப் பதினொரு நாள் ஆகிறது. கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் விதி. "சிஸ்டம் டவுன் அங்கிள், திங்கக்கிழமை வாங்க" என்கிறாள் அதே பெண். போகிறேன். நான் எழுதிக் கொடுத்ததற்கு அவர்கள் முத்திரை போட்டுக் கொடுத்த நகல் சட்டைப் பையில்தான் இருக்கிறது.