என்னைக் கிணற்றில் தள்ளியது அத்தை இல்லை

மொத்தம் 51,200 ரூபாய். முன்ஜென்மத்துப் பயத்தை எடுத்துவிடுகிறேன் என்ற ஒருவரிடம் போன வருடம் ஐந்து மாதத்தில் நான் கொடுத்தது. பணத்தை மட்டும் என்றால் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பேன். என்னை வளர்த்த அத்தையின் கையால் நாலு மாதம் ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிடாமல் இருந்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்த மாதிரி இடத்துக்குப் போக யாராவது நாள் குறித்திருந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு லிஃப்ட் ஆகாது. கதவு மூடியதும் தொண்டை இறுகும், உள்ளங்கை வேர்க்கும், அடுத்த மூச்சு வராது என்றே தோன்றும். கோவையில் எங்கள் ஆபீஸ் ஆறாவது மாடி. நாலு வருடமாகப் படிதான். கேட்பவர்களிடம் உடம்பைக் குறைக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். அப்புறம் சென்னையில் டீம் லீட் வேலை வந்தது, பதினோராவது மாடி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி வேண்டாம் என்றேன். எனக்குக் கீழே பயிற்சிக்கு வந்த பையன் அந்த வேலைக்குப் போனான். கேக் வெட்டினார்கள், நானும் கை தட்டினேன். அன்றைக்கு ராத்திரி போனில் ஒரு வீடியோ வந்தது. "வாழ்க்கை ஒரே இடத்துல நிக்குதா? காரணம் இந்தப் பிறவியில இல்லை."

எனக்கென்றே எடுத்தது போல இருந்தது.

மறுபிறவி உண்டா இல்லையா என்று சண்டை போட நான் வரவில்லை. "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினேனோ" என்று சொல்லாத வீடு நம் ஊரில் எது? வைத்தீஸ்வரன் கோவில் பக்கம் நாடி பார்ப்பவர்கள் முன்வினைக்குப் பரிகாரம் சொல்லவென்றே சாந்தி காண்டம் என்று ஒன்றைத் தனியாக வாசிக்கிறார்கள். நான் போன இடம் அதற்கு ஏசி போட்ட வடிவம், அவ்வளவுதான். சுவடிக்குப் பதில் சாய்வு நாற்காலி. பரிகாரத்துக்குப் பதில் 'ஹீலிங்'. சுவரில் ஏழெட்டுச் சான்றிதழ்கள். அவர் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தது. எதில் டாக்டர் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் அமர்வுக்கு 3,500. கண்ணை மூடச் சொன்னார். பத்திலிருந்து தலைகீழாக எண்ணிக்கொண்டே ஒரு படிக்கட்டில் இறங்கச் சொன்னார். கீழே ஒரு கதவு, அதற்கு அந்தப் பக்கம் போன ஜென்மம். ஒரு மணி நேரம் கழித்து எழுந்தபோது துப்பட்டா முழுக்க ஈரம், அவ்வளவு அழுதிருந்தேன். எனக்குக் 'கிடைத்த' கதை இது: 1740ஆம் வருடம், நான் பதினாறு வயதுப் பெண், என்னை ஒருத்தி கிணற்றில் தள்ளிவிட்டாள். அந்த ஒருத்தி இந்தப் பிறவியில் என் அத்தை. அப்பாவின் அக்கா. அம்மா மில்லுக்கு வேலைக்குப் போன காலத்தில் எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர்.

பொய் சொல்லக் கூடாது, முதல் வாரம் நன்றாகவே இருந்தது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரி. என் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, நான் கோழை இல்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதியில் ஆறு அமர்வுக்கான 36,000 ரூபாயை ஒரே தடவையாக ஜிபே செய்தேன். பில் கேட்டேன். "இது எனர்ஜி எக்ஸ்சேஞ்ச்மா, வியாபாரம் இல்லை" என்றார். எக்ஸ்சேஞ்ச் முழுக்க அவருடைய சொந்த அக்கவுண்ட்டுக்குத்தான் போனது.

லிஃப்ட் பயம் அப்படியே இருந்தது. கேட்டால், அத்தைக்கும் எனக்கும் உள்ள பந்தம் இன்னும் அறுபடவில்லை என்றார். பந்தம் அறுக்கத் தனி அமர்வு, 7,500. அதற்கும் அசையவில்லை. கருங்காலி மாலை, 4,200. அதற்கும் அசையாதபோது, "உங்க ஆத்மா வளரத் தயாரா இருக்கு, உங்க மனசுதான் தடுக்குது" என்றார். நீங்களே ஹீலர் ஆகிவிட்டால் தடை முழுசாகப் போய்விடும் என்று 75,000 ரூபாய்க்கு ஒரு பயிற்சி வகுப்பையும் காட்டினார். நல்லவேளை, அந்த மாதம் கையில் காசில்லை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குணமானால் அவர் கைராசி, ஆகவில்லை என்றால் என் மனத்தடை. அவர் தோற்கவே வழியில்லை.

"அந்த ஆத்மாவோட கணக்கு தீரலை, கொஞ்சம் விலகியே இருங்க" என்று சொல்லியிருந்தார். விலகினேன். ஆனைமலைப் பக்கம் அத்தை ஊருக்கு ஞாயிறு விட்டு ஞாயிறு போவோம். ஆபீஸ் வேலை என்று நிறுத்தினேன். ஒரு தடவை தன் பக்கத்து வீட்டுக்காரர் கோவைக்கு வருகிறார் என்று அத்தை அவரிடம் தூக்குப்போசியில் அரிசிபருப்புச் சாதம் கொடுத்தனுப்பியிருந்தார். மூடியைக்கூடத் திறக்காமல் வாட்ச்மேனிடம் கொடுத்தேன். அடுத்த நாள் போன் செய்து, "பருப்பு வெந்திருந்துச்சா அம்மிணி?" என்று கேட்டார். வெந்திருந்தது என்றேன்.

ஆடி நோன்பிக்கு அத்தையே நேரில் வந்தார், கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு. வயிறு சரியில்லை என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் விஷயம் உடைந்தது. முதல் அமர்வின் ஒலிப்பதிவை, தினமும் கேட்கச் சொல்லி அந்த ஹீலர் எனக்குக் கொடுத்திருந்தார். எப்போதும் இயர்போனில்தான் கேட்பேன். அன்று சார்ஜ் இல்லாததால் சமையலறையில் ஸ்பீக்கரில் ஓடியது. ஒன்பதாவது படிக்கிற மகள் தண்ணீர் குடிக்க வந்தவள் நின்று கேட்டாள். பதிவில் என் குரல்: "உள்ள கருப்பு ஓஸ் பைப்பு தொங்குது. அதைப் புடிக்கப் பாக்குறேன்."

"ம்மா, 1740ல ஏதும்மா ஓஸ் பைப்பு?"

கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டேன். அது எங்கள் தாத்தா தோட்டத்துக் கிணறு. மோட்டாருக்குப் போட்ட கருப்பு ஓஸ், இறங்கும் படிக்குப் பக்கத்தில் கம்பியில் கட்டித் தொங்கும். சின்ன வயதில் எட்டிப் பார்த்தால் முதுகில் அடி விழும். அடித்தது அத்தை.

பதிவை முதலிலிருந்து, ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டே கேட்டேன். கதவைத் திறந்ததும் நான் சொன்னது ஒரே வார்த்தை: "இருட்டா இருக்கு." மற்றது இப்படிப் போகிறது:

"இருட்டுன்னா, ஆழமான இடமா? கிணறு மாதிரியா?"
"ம்... ஆமா."
"தண்ணி தெரியுதா?"
"தெரியுது."
"மேல யாரோ நிக்கிறாங்க இல்லையா? ஆணா, பெண்ணா?"
"...பொம்பளை."
"அவங்க கண்ணை உத்துப் பாருங்க. இந்த ஜென்மத்துல அவங்க உங்களுக்கு யாரு?"

கிணறு அவருடையது. தண்ணீர் அவருடையது. மேலே நின்ற ஆளும் அவருடையது. நான் செய்ததெல்லாம் அந்த ஆளுக்கு ஒரு முகம் கொடுத்தது. கிணறு என்றதும் தாத்தா தோட்டம், கிணற்று மேட்டில் நிற்கும் பெண் என்றதும் அத்தை. வேறு யார் வருவார்கள்?

அப்புறம் தேடிப் படித்தபோது, இது எழுபது வருடத்துக்கு முந்தைய கதை என்று தெரிந்தது. 1952இல் அமெரிக்காவின் கொலராடோவில் வர்ஜீனியா டை என்ற பெண், மோரி பெர்ன்ஸ்டீன் என்பவர் மனவசியம் (ஹிப்னாடிசம்) செய்தபோது, தான் 19ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் வாழ்ந்த பிரைடி மர்ஃபி என்றார். 1956இல் அது புத்தகமாக வந்து அமெரிக்காவே அமளிப்பட்டது. பத்திரிகைக்காரர்கள் அயர்லாந்துக்கே போய்த் தேடினார்கள். அந்தப் பெயரில் பிறப்புப் பதிவும் இல்லை, இறப்புப் பதிவும் இல்லை. ஆனால் சிகாகோவில் வர்ஜீனியா சிறுமியாக இருந்தபோது எதிர்வீட்டில் ஓர் அயர்லாந்துக்காரப் பெண் இருந்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன் அவர் பெயர் பிரைடி மர்ஃபி. எனக்கு ஓஸ் பைப், அவருக்கு எதிர்வீடு.

கனடாவில் நிக்கோலஸ் ஸ்பானோஸ் என்ற உளவியலாளர் 1991இல் வெளியிட்ட ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. பழைய காலத்தில் குழந்தைகளைக் கொடுமைப்படுத்துவது சகஜம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால், அப்படிப்பட்ட கொடுமைகள் 'முன்ஜென்ம நினைவில்' அதிகமாக வந்தன. இத்தனைக்கும் யாரும் நடிப்பதில்லை. நானும் நடிக்கவில்லை, என் அழுகை நிஜம். அழுகை நிஜமாக இருப்பதால் கதையும் நிஜம் என்று நம்பியதில்தான் விழுந்தேன்.

இப்போது பார்ப்பது இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற ஒரு மருத்துவ உளவியலாளரை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சீட்டு வாங்கி, அங்கே மருத்துவர் சொல்லித்தான் இவரிடம் வந்தேன். முதல் நாளே, "பயம் எங்கிருந்து வந்ததுன்னு தெரியாமலே அதைக் குறைக்கலாம்" என்றார். ஒவ்வொரு தடவை லிஃப்டைத் தவிர்க்கும்போதும் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறதாம், பயம் அதைத் தின்றுதான் வளர்கிறதாம். அதனால் முதல் வாரம் கதவு திறந்த லிஃப்டில் வெறுமனே நிற்பது. அடுத்த வாரம் மகளோடு ஒரு மாடி. பிறகு தனியாக ஒரு மாடி. நெஞ்சு அடித்துக்கொள்ளும், இறங்கி ஓடாமல் அது தானாகத் தணிகிறவரை இருக்க வேண்டும். மந்திரம் ஒன்றும் இல்லை, அலுப்பான வேலை. பன்னிரண்டு வாரத்தில் நான்காவது மாடி வரை தனியாகப் போகிறேன். ஆறாவது மாடிக்கு இன்னும் இரண்டு மாடி படிதான்.

போகிறவர்கள் அந்த மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். சொந்தமாகச் சிகிச்சை தருகிற மருத்துவ உளவியலாளர் என்றால் அது இருக்க வேண்டும். வார இறுதி வகுப்பில் வாங்கின சான்றிதழுக்கு அது வராது. வீட்டு ஆள் ஒருவரைக் காட்டி, அவர்தான் உன் பிரச்சினைக்கு மூலம் என்று மூன்றாம் மனுஷர் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பல அமர்வுகளுக்குச் சேர்த்து 'பேக்கேஜ்' என்று முன்பணம் கட்டாதீர்கள். யாரிடம் போவது என்றே தெரியவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

பணத்துக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பில் இல்லை, ஜிபே விவரமும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் ஆதாரம். பத்து நாளில் அவர் உதவியாளர் கூப்பிட்டார். முடிக்காத இரண்டு அமர்வுக்கு 12,000 தருகிறோம், வெளியே எதுவும் பேச மாட்டேன் என்று எழுதித் தாருங்கள் என்றார். எழுதித் தர மாட்டேன் என்றேன். இரண்டு வாரம் கழித்துப் பணம் மட்டும் வந்தது. பாக்கி 39,200க்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மனு போகிற வரைக்கும் ஆள் யார், கடை எங்கே என்று கேட்காதீர்கள்.

அத்தையிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. "உன்னைக் கொலைகாரி என்று நினைத்திருந்தேன்" என்று எப்படி ஆரம்பிப்பது? விஷயம் உடைந்த அடுத்த ஞாயிறே போனேன். இரண்டு தட்டு அரிசிபருப்புச் சாதம் சாப்பிட்டேன். "வயிறு சரியாயிடுச்சா அம்மிணி?" என்றார். ஆயிடுச்சுங்க அத்தை என்றேன்.