துணை வண்டி பின்னால் வரணுமா, முன்னால் போகணுமா?

நிதி திரட்டும் நெடுந்தூர சைக்கிள் பயணம் என்றதும், அணிக்குப் பின்னால் ஊர்ந்து வரும் வேன்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் பன்னிரண்டு பேருக்கு ஒரே வண்டி என்றால், அது முன்னால் போய்க் காத்திருப்பதே மேல்.

கணக்குப் போட்டாலே புரியும். மணிக்கு 25 கி.மீ. மிதிப்பவர் 40 கி.மீ. தூரத்தை 96 நிமிடத்தில் முடிப்பார். 20 கி.மீ. வேகத்தில் வருபவர் அப்போது இன்னும் 8 கி.மீ. பின்னால் இருப்பார். பின்தொடரும் வேன் அவர் ஒருவருக்குத்தான் பயன்படும். அதோடு, வேனை முந்தும் லாரிக்காரருக்கு அதன் முன்னே சைக்கிள் இருப்பது தெரியாது. முந்தியதும் சட்டென்று உள்ளே ஒடிப்பார். அதுதான் பெரிய ஆபத்து.

இரவில் நிலைமை வேறு. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா சைக்கிள் போட்டியில் இரவில் தனி வீரருக்குப் பின்னால் வண்டி வந்தே ஆக வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஓட்டும் 1,200 கி.மீ. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் பயணத்திலோ, வழியில் வருகையைப் பதியும் நிறுத்தங்களில் மட்டுமே உதவலாம். குழுப் பயணத்துக்கு இரண்டாவது முறைதான் ஒத்துவரும். இரவு ஓட்டத்தைத் தவிர்த்துவிடலாம்.

முன்னால் போகும் வண்டி எங்கே நிற்பது என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கும். ஆளுக்கு 750 மி.லி. பாட்டில் இரண்டு. கடும் வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் போய்விடும் என்பதால் 25 கி.மீ.க்கு ஒரு நிறுத்தம் வேண்டும். இதமான வானிலையில் 40 கி.மீ. போதும். மணிக்கு சுமார் 60 கிராம் மாவுச்சத்து தேவை, அதாவது இரண்டு வாழைப்பழத்துக்குச் சற்று மேல். கடைசி ஆள் வந்து, தலை எண்ணி முடியும்வரை வண்டி கிளம்பக் கூடாது. கணித்த நேரம் தாண்டி 20 நிமிடம் ஆகியும் ஒருவர் வரவில்லையா? போன் கிடைக்காவிட்டாலும் அதே சாலையில் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

இம்முறையின் குறை, நடுவழியில் பஞ்சர் ஆனால் பக்கத்தில் ஆள் இருக்காது. எனவே ஒவ்வொருவரும் இரண்டு டியூப், டயரை நெம்பிக் கழற்றும் டயர் லிவர், கைப்பம்பு வைத்திருக்க வேண்டும். புது டியூப் போடும் முன் டயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். மெல்லிய கம்பித்துண்டு துணியில் சிக்கும். வெறும் விரலால் தடவினால் குத்திவிடும். அதை எடுக்காவிட்டால் பத்தே நிமிடத்தில் மறுபடி காற்று போகும்.

உதிரிப் பாகங்கள் வேனில் இருக்கட்டும். டீரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியை ஃபிரேமோடு பிடித்து வைக்கும் துண்டு) ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். அறுந்த செயினை இணைக்கும் லிங்க் 10, 11, 12 ஸ்பீடுக்கு, அதாவது பின் கியர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப, தனித்தனி. பெட்டிகளை ஏற்றும்போது கருவிப்பெட்டி கடைசியில் போகட்டும். முதலில் தேவைப்படுவது அதுதான்.

வண்டியே வேண்டாம் என்பது மூன்று நான்கு பேருக்குச் சரி. கேரியரில் 10 கிலோ ஏறினால் மேட்டில் வேகம் குறையும், பின் சக்கர ஸ்போக் உடைய வாய்ப்பும் கூடும். அதனால் சக்கரத்துக்கேற்ற நீளத்தில் மூன்று ஸ்போக்குகளை ஃபிரேமோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டு கிளம்புங்கள்.