டிப்ஸ்டிக் இல்லாத வண்டிக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றுதல்: ஆறு ஆண்டு அனுபவம்

நடு என்ஜின் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கும் எண்ணத்தில் இருக்கும் நண்பர் ஒருவர், ஆயில் மாற்றும் வேலையை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா என்று சென்ற வாரம் என்னிடம் கேட்டார். அதே வகை வண்டியை நான் ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை அதன் அடியில் படுத்து நானே ஆயில் மாற்றியும் வருகிறேன். வேறொரு சமயத்தில் கேட்டிருந்தால், தாராளமாகச் செய்யலாம் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். அவர் கேட்டதோ, ஆயில் அளவைக் காட்டும் சென்சார் பழுதாகி, அதை மாற்றுவதற்காக, நான் ஊற்றி மூன்று வாரமே ஆகியிருந்த ஆயில் முழுவதையும் வடித்துக் கொட்டிய மறுநாள். அதனால் ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டிய பதில் இவ்வளவு நீண்டுவிட்டது.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த வண்டியில் ஆயில் மாற்றுவது கடினமான வேலை அன்று. கடினமானதெல்லாம் வண்டியின் அடியில் போய்ச் சேர்வதுதான். சாதாரண டிராலி ஜாக், முழுதும் தாழ்ந்திருக்கும் நிலையிலும் இந்த வண்டியின் வயிற்றுக்குக் கீழே நுழைவதில்லை. முதல் ஆண்டு அரை மணி நேரம் முட்டி மோதிய பிறகு, 40 மில்லிமீட்டர் தடிமனுள்ள நான்கு மரப்பலகைகளைத் தரையில் போட்டு, அவற்றின் மேல் வண்டியை மெல்ல ஏற்றி நிறுத்தினால் ஜாக் நுழைவதற்கு இடம் கிடைக்கும் என்று கண்டுகொண்டேன். பிற்பாடு தாழ்வான ஜாக் ஒன்றை வாங்கிவிட்டபோதிலும் பலகைகளை விடவில்லை. தூக்குவதற்கென்று அடிச்சட்டத்தில் வலுவூட்டிய இடங்களை விட்டு வேறெங்கேனும் ஜாக்கை வைத்தால், பிளாஸ்டிக்கோ அலுமினியமோ நசுங்கிவிடும். நான்கு மூலையிலும் ஜாக் ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியைத் தள்ளி அசைத்துப் பார்த்த பின்னரே கீழே தலையை நீட்ட வேண்டும். வெறும் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவரோடு இந்தப் பேச்சைத் தொடரவே எனக்கு விருப்பமில்லை. பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் போதாதா என்றும் நண்பர் கேட்டார். போதாது. வண்டி சாய்ந்திருந்தால் பழைய ஆயிலில் ஒரு பகுதி சம்ப்பின், அதாவது என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியின், மூலையிலேயே தங்கிவிடும்.

அடுத்தது அடித்தட்டு. காற்று சீராக ஓடுவதற்காக அடிப்பகுதி முழுவதையும் தட்டுகளால் மூடியிருக்கிறார்கள். என்ஜினுக்குக் கீழுள்ள தட்டைக் கழற்ற மூன்று வெவ்வேறு நீளங்களில் பதினேழு திருகுகள். இடம் மாறி நீளமான திருகைக் குட்டையானதன் துளையில் ஏற்றினால் அது உள்ளே எதையாவது போய் முட்டும். அட்டை ஒன்றில் தட்டின் உருவத்தை வரைந்து, கழற்றிய திருகை அதனதன் இடத்தில் குத்தி வைப்பது என் வழக்கம். அந்த அட்டை இப்போது சல்லடை போல ஆகிவிட்டது; ஆனாலும் மாற்ற மனமில்லை.

இனி வருவது நான் ஆண்டு முழுவதும் காத்திருக்கும் பகுதி. என்ஜினைச் சற்று ஓடவிட்டு, கை பொறுக்கும் வெதுவெதுப்பு வந்ததும் நிறுத்திவிட்டு, ஆயில் வடியும் துளையை அடைத்திருக்கும் டிரெய்ன் போல்ட்டை மெல்லத் தளர்த்துகிறேன். கடைசிச் சுற்றில் போல்ட்டை உள்நோக்கி அழுத்தியபடியே திருகிக்கொண்டு வந்து சட்டென்று இழுக்க வேண்டும். தயங்கினால் ஆயில் முழங்கை வரை வழியும். நான் ஆறு முறையும் தயங்கியிருக்கிறேன். ஆயில் முதலில் ஒரு வில்லைப் போல வளைந்து பாத்திரத்தின் மறு ஓரத்தில் விழும். பிறகு வளைவு குறைந்து, நேர்கோடாகி, நூலாகி, சொட்டாகும். பாத்திரத்தை எங்கே வைப்பது என்று முதல் ஆண்டு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தரையில் இன்னும் இருக்கும் கறை அந்த ஆண்டினுடையது. பழைய ஆயில் நெடுநாள் தோலில் பட்டுவந்தால் புற்றுநோய்க்கும் இடமுண்டு என்பதால் நைட்ரைல் கையுறை இல்லாமல் நான் இந்த வேலையில் இறங்குவதில்லை. வடித்ததைச் சாக்கடையில் கொட்டாமல், மூடியுள்ள டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

டிரெய்ன் போல்ட்டின் முனையில் ஒரு காந்தம் உண்டு. அதில் சாம்பல் நிறத்தில், விபூதியைக் குழைத்தது போன்ற மெல்லிய பசை ஒட்டியிருந்தால் கவலையில்லை. அது இயல்பான தேய்மானம். விரலால் தேய்க்கும்போது நெருடினாலோ செதில் செதிலாகத் தென்பட்டாலோ எங்கோ ஒரு பேரிங் அல்லது கியர் தன்னைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். ஃபில்ட்டரையும் நான் அப்படியே தூக்கி எறிவதில்லை. அதன் தாள் மடிப்புகளைக் கத்தியால் அறுத்து விரித்து, ஆயில் வழியும்வரை தொங்கவிட்டு, வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். காந்தத்தில் ஒட்டாத அலுமினியமும் செம்பும் இருந்தால் இங்கேதான் மினுங்கும். ஆறு ஆண்டுகளில் ஒருமுறையும் எதுவும் மினுங்கவில்லை. எவரிடமும் கேட்காமல், எந்த ரசீதையும் நம்பாமல், என் என்ஜின் நலமாக இருக்கிறது என்பதை என் கண்ணாலேயே தெரிந்துகொள்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது. வண்டியை ஓட்டும்போதுகூட அது கிடைப்பதில்லை என்று சொன்னால் நண்பர் சிரிப்பார்.

மற்றவை சிறு வேலைகள். ஃபில்ட்டர் மூடியில் கசிவைத் தடுக்கும் பழைய ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) எடுத்துவிட்டு, புதியதில் கொஞ்சம் ஆயில் தடவிப் போட வேண்டும். மூடியின் மேலேயே 25 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் மூடி என்பதால் கைக்கணக்கு வேண்டாம், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சையே பயன்படுத்துங்கள். டிரெய்ன் போல்ட்டின் வாஷர் ஒருமுறை நசுங்கியே அடைக்கும். ஒவ்வொரு தடவையும் புதியதைப் போட வேண்டும். ஆயிலைப் பொறுத்தவரை, தயாரிப்பாளரின் கையேடு கேட்கும் ஒப்புதல் எண் டப்பாவின் பின்புறம் இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கிறேன். முன்புறத்தில் 0டபிள்யூ-40 என்று பெரிதாகப் போட்டிருப்பது பாகுநிலையை, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டியாக ஓடும் என்பதை, பற்றிய செய்தி மட்டுமே. அதே பாகுநிலையுள்ள இரண்டு ஆயில்கள் குணத்தில் வெகு தூரம் விலகி நிற்கக்கூடும்.

இதுவரை படித்தவர்களுக்கு, இந்த மனிதனுக்கு என்னதான் குறை என்று தோன்றும். குறை இனிமேல்தான் வருகிறது. ஏழரை லிட்டர் புதிய ஆயிலை ஊற்றியாகிவிட்டது. அது சரியான அளவா என்று பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் என்னும் அளவுக்கம்பி உள்ள வண்டியில் அதை உருவி, துணியால் துடைத்து, மீண்டும் நுழைத்து எடுத்துப் பார்த்தால் இரண்டே நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். என் வண்டியில் அந்தக் கம்பி இல்லை. அதற்கான குழாயும் இல்லை. சம்ப்பின் அடியில் ஒரு சென்சார் இருக்கிறது. அது கீழிருந்து ஒலியலையை அனுப்பி, ஆயிலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்ப ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு, ஓட்டுநருக்கு முன்னாலுள்ள திரையில் சில கட்டங்களாகக் காட்டுகிறது. உத்தி அழகானதுதான். ஆனால் அந்த அளவீடு நடைபெற வேண்டுமானால் என்ஜின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ஓட்டி நிறுத்திய பின் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அளக்க இயலாது என்று திரை கைவிரித்துவிடும்.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆயில் போதுமான அளவு இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காகவே, போதுமான ஆயில் இருக்கிறது என்று நம்பி, பதினைந்து இருபது நிமிடம் வண்டியை ஓட்டிச் சூடாக்க வேண்டும். கையேட்டில் போட்டிருக்கும் அளவை அப்படியே ஊற்றினால் போயிற்று என்று சிலர் சொல்வார்கள். எவ்வளவு வடிந்தது என்பதைப் பொறுத்தல்லவா எவ்வளவு ஊற்றுவது என்பது இருக்கிறது? ஆயில் எவ்வளவு சூடாயிருந்தது, எத்தனை நேரம் சொட்டவிட்டோம், வண்டி எவ்வளவு சமமாக நின்றது என்பதையெல்லாம் பொறுத்து, வடிவது ஆண்டுக்கு ஆண்டு கால் லிட்டராவது மாறுகிறது. நான் வடித்ததையும் அளவுக்கோடு போட்ட டப்பாவில் அளந்து குறித்து வைக்கிறேன். ஆறு ஆண்டுக் குறிப்பில் எந்த இரண்டு எண்ணும் ஒத்திருக்கவில்லை.

கால் லிட்டருக்கு ஏன் இவ்வளவு அங்கலாய்ப்பு என்றால், இது சந்தைக்குப் போய்வரும் வண்டி அன்று. புவியீர்ப்புக்கு இணையான பக்கவிசையோடு ஒரு வளைவில் திரும்பினால் சம்ப்புக்குள் ஆயிலின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்து நிற்கும். நல்ல டயர் போட்ட ஸ்போர்ட்ஸ் கார் அந்த விசையை எட்டிவிடும். சம்ப்புக்குள் தடுப்புகள் வைத்திருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆயினும் ஆயில் குறைவாக இருந்தால் உறிஞ்சு குழாயின் வாய் ஒரு நொடி காற்றைக் குடிக்கும். பேரிங்குகளுக்கு அந்த ஒரு நொடியே அதிகம். கூடிவிட்டாலும் ஆபத்துதான். சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை மோர் கடைவது போலக் கடைந்து நுரையாக்கும். மிகுதியானது காற்றுக் குழாய்கள் வழியே என்ஜினுக்குள்ளேயே போய் எரிந்து, புகைபோக்கியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.

வடிவமைத்தவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நடு என்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால் புதைந்து கிடக்கிறது. அங்கிருந்து கை எட்டும் தூரத்துக்கு ஒரு கம்பிக் குழாயைக் கொண்டுவருவது எளிதன்று. டிப்ஸ்டிக்கும் பொய் சொல்லும்: என்ஜினை நிறுத்தியவுடன் பார்த்தால் குறைவாகக் காட்டும், குழாயின் சுவரில் உரசி இரண்டு கோடாகக் காட்டும். பானெட்டையே திறந்து பார்க்காத எண்ணற்ற உரிமையாளர்களுக்குத் திரையில் தானாக வரும் எச்சரிக்கை என்ஜினையே காப்பாற்றிக் கொடுத்திருக்கும். இவை அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் கோபம் தணியவில்லை. கம்பி அளவை மட்டுமா காட்டியது? நிறத்தைக் காட்டியது, மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் பெட்ரோல் கலந்திருக்கிறதா என்று சொன்னது, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலுக்குள் கசிந்து பால் போல வெளுத்திருந்தால் அதையும் காட்டிக் கொடுத்தது. எரியறைக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இக்கால என்ஜின்களில், குறைந்த தூரமே ஓட்டிக்கொண்டிருந்தால் பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் எரிந்து குறைந்த இடத்தைப் பெட்ரோல் நிரப்பிவிட்டால், என் சென்சார் அதை அறியாமல் எல்லாக் கட்டங்களையும் நிறைத்துக் காட்டும்.

சென்ற மாதம் நடந்தது இதுதான். ஆயில் மாற்றிச் சில நாளில், அளவைப் பார்க்கப் போனால் சென்சார் பழுது என்று திரை சொன்னது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. என்ஜினுக்குள் ஏழரை லிட்டர் இருக்கிறதா, மூன்று லிட்டர் இருக்கிறதா என்று அறிய எனக்கு ஒரு வழியும் இல்லை. கண்ணால் காண ஒரு துளையும் இல்லை. வண்டியை ஓட்டாமல் இரண்டு வாரம் நிறுத்தி வைத்தேன். பிறகு பணிமனையில் விட்டேன். சென்சார் சம்ப்பின் அடியில் பொருத்தப்பட்டிருப்பதால் ஆயிலை முழுவதும் வடித்தாக வேண்டும் என்றார்கள். வடித்த ஆயில் தேன் நிறத்தில் பளபளத்தது. அதையே திரும்ப ஊற்றிவிடலாமே என்று கேட்டேன். வெளிப் பாத்திரத்தில் விழுந்ததை மறுபடி ஊற்றுவது தங்கள் வழக்கமில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. நானாக இருந்தாலும் ஊற்றியிருக்க மாட்டேன். சரியாக இருந்ததுதான் எரிச்சலை இரட்டிப்பாக்கியது.

எனவே நண்பருக்கு நான் அனுப்பிய பதில்: வேண்டாம். இந்த வண்டிக்கு வீட்டில் ஆயில் மாற்றாதீர்கள். பணிமனையில் விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டிய பசையைப் பார்ப்பதன் நிம்மதியைப் பற்றி மேலே நானே எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டி, இது முரணாக இல்லையா என்று அவர் கேட்டார். முரண்தான். அந்த நிம்மதி முழுவதையும் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு திரை பிடுங்கிக்கொள்கிறது. இன்றைய மனநிலையில் என் பதில் அதுவே. அப்படியென்றால் அந்தப் பலகைகளைத் தனக்குக் கொடுத்துவிட முடியுமா என்றார். கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன்.

பணிமனையிலிருந்து வண்டியை எடுத்துவந்த மாலையில், நன்றாக ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, காத்திருந்து அளந்தேன். புதிய சென்சார் ஒரு கட்டம் குறைவாகக் காட்டியது. அவர்கள் குறைவாக ஊற்றினார்களா, சென்சார் குறைத்துச் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. கால் லிட்டர் ஆயிலும் புனலும் முன்பக்கப் பெட்டியில் கிடக்கின்றன. நாளைக் காலை மீண்டும் ஒருமுறை சூடாக்கிப் பார்த்துவிட்டு ஊற்றலாம் என்றிருக்கிறேன்.