டோட்டா 2: என் சிந்தனையை நானே கவனிக்கப் பழகிய 18 மாதங்கள்

ஐவர் கொண்ட இரு அணிகள் மோதும் கணினி விளையாட்டான டோட்டா 2-இல், அணியினருக்குத் துணைநிற்கும் சப்போர்ட் பொறுப்பில் ஆடும் நான், 18 மாதங்களாக வாரம் ஒருமுறை ஒரு பயிற்சியாளருடன் அமர்ந்து என் ரீப்ளேக்களைப் பார்த்து வருகிறேன். முன்பு வேறொருவரிடம் பயின்றபோது, எதிரியின் நடமாட்டத்தைக் காட்டும் வார்டை எங்கே வைத்திருக்க வேண்டும், எப்போது பின்வாங்கியிருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவரே சொல்லிவிடுவார், நானும் குறித்துக்கொள்வேன், ஆனால் அடுத்த ஆட்டத்தில் சூழல் சற்று மாறியதும் அக்குறிப்புகள் கைகொடுக்கவில்லை. இப்போதையவர் விடை சொல்வதில்லை. நான் சாவதற்கு 20 நொடி முன்பாக ரீப்ளேயை நிறுத்தி, "இந்த இடத்தில் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது எது, நீங்களாக எண்ணிக்கொண்டது எது?" என்று கேட்பார். உளவியலாளர் ஜான் ஃப்ளேவல் 1970-களில் மீயறிதல் (தன் சிந்தனையைத் தானே கவனித்தல்) என்று பெயரிட்டு ஆராய்ந்தது இதைத்தான்.

நேர்மையாக விடை சொல்வது கடினம். எதிரணியின் 5 பேரும் தெரியும்படி ரீப்ளேயை ஓடவிட்டால், மரங்களுக்குப் பின்னால் நிற்பவரை அன்றே சந்தேகித்ததாக மனம் சாதிக்கும். முடிவு தெரிந்த பின் அதை முன்பே அறிந்திருந்ததாக நம்பும் இவ்வியல்பை உளவியலாளர் பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-இல் சோதனைகளால் காட்டினார். ஆகவே, என் அணிக்குத் தெரிந்தது மட்டும் தெரியும்படி பார்வையைச் சுருக்கிக்கொண்டு, விடையை ஏட்டில் எழுதிய பிறகே மேலே ஓட்டுகிறோம். அந்த ஏட்டில் திரும்பத் திரும்ப வரும் வரி ஒன்றுதான்: எதிரணியின் மிட் வீரர் (நடுப்பாதையில் ஆடுபவர்) மினிமேப்பில் (திரை ஓரத்துச் சிறு வரைபடத்தில்) இல்லை, ஆனாலும் தன் லேனிலேயே (பாதையிலேயே) இருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். கைவேகம் போதவில்லை என்று நான் ஆண்டுக்கணக்கில் வருந்திய சாவுகளில் பலவும் உண்மையில் சரிபார்க்காத ஊகத்தால் நேர்ந்தவை.

குறையும் உண்டு. முதல் 2 மாதங்கள், ஆடிக்கொண்டே என்னை நான் கவனித்ததில் கவனம் சிதறி, ஆட்டம் முன்னைவிட மோசமானது. அதன்பின், மீண்டும் உயிர்பெறக் காத்திருக்கும் நேரத்தில் மட்டும் கேள்வியை எழுப்புவது என்று மாற்றிக்கொண்டோம். ஆட்டத்தின் தொடக்கத்தில் கிடைக்கும் சில நொடிகள் ஒரு கேள்விக்குப் போதும். பிற்பகுதியில் காத்திருப்பு ஒரு நிமிடத்தைத் தாண்டும்போது, பைபேக் செய்வது (ஆட்டத்தில் சேர்த்த தங்கத்தைக் கொடுத்து உடனே உயிர்பெறுவது) அவசரத்தாலா கணக்கினாலா என்றுகூடக் கேட்டுக்கொள்ள முடிகிறது.

விரைவாகத் தரவரிசையில் ஏற விரும்புவோருக்கு இம்முறையை நான் பரிந்துரைக்கமாட்டேன். எனக்கே இன்னும் ஒன்று கைவரவில்லை: வரைபடத்தில் இருக்கும் வலிய அரக்கனான ரோஷனை அடிக்கலாம் என்று அணியில் நால்வரும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தால், என் ஐயத்தைச் சொல்லாமலே அவர்களோடு சென்றுவிடுகிறேன். இம்மாதம் முழுவதும் அந்த ரீப்ளேக்களைத்தான் பார்த்து வருகிறோம்.